மாஸ் டேபிள் இருக்கு, மேஜிக் நம்பர் எங்க?

கேள்வி: எம்எஸ்சி பிசிக்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு கால்சியம் ஐசோடோப்புகளோட மாஸ் டேபிள எடுத்து, ஒரு நியூட்ரானைப் பிரிக்க எவ்ளோ எனர்ஜி வேணும்னு கிராஃப் போட்டேன். ரம்பப் பல்லு மாதிரி வருது, மேஜிக் நம்பர் (ஒரு கூடு முழுசா நிரம்புற நியூட்ரான் எண்ணிக்கை) ஒண்ணும் தெரியல. எங்க தப்பு? அர செகண்டு கூட தாங்காத அணுக்கருவ எப்படி எடை போடுறாங்க?

பதில்: தப்பு ஒண்ணும் இல்லீங்க. நியூட்ரானுங்க ஜோடி சேர்ந்து இருக்குறதால இரட்டைப்படையில இருந்து ஒண்ண உருவுறது கஷ்டம், ஒற்றைப்படையில ஈஸி, அந்த ஏத்த எறக்கம்தான் உங்க ரம்பம். ரெண்டு ரெண்டா உருவிப் பாருங்க. ரெண்டு நியூட்ரான் கம்மியான ஐசோடோப்போட மாஸ் எக்ஸஸ் (நிஜ எடைக்கும் மாஸ் நம்பருக்கும் உள்ள வித்தியாசம், எனர்ஜி கணக்குல) எடுத்து, ரெண்டு நியூட்ரானோட மாஸ் எக்ஸஸ் 2 × 8071.3 கேஇவி (ஆயிரம் கேஇவி ஒரு எம்இவி) கூட்டி, அதுல உங்க ஐசோடோப்போட மாஸ் எக்ஸஸ கழிக்கணும். எல்லாம் மைனஸ்ல இருக்கும், பாதிப் பேர் வழுக்குறது இங்கதான்.

கால்சியம்-48க்கு 17.2 எம்இவி, 50க்கு 11.5, 52க்கு 10.8, 54க்கு 7.0 வரும். கால்சியத்துல 20 புரோட்டான், அதக் கழிச்சா மிச்சம் நியூட்ரான், அதனால 48க்கு அப்புறம் வர்ற முதல் சரிவு பழைய மேஜிக் நம்பர் 28. அப்புறம் கிட்டத்தட்ட சமமா போயிட்டு 54ல திடீர்னு 4 எம்இவி கிட்ட விழுது பாருங்க, 32 நியூட்ரானோட ஒரு கூடு நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். சாதாரண நிக்கல்-60லயும் 32 நியூட்ரான்தான், அங்க இந்தக் கூத்தெல்லாம் கிடையாது!

ஆனா 32ல சரிவு இருக்குன்னு சொல்ல அதத் தாண்டின கால்சியம்-54ஓட எடை வேணும், அது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு கூட தாங்காது. வழக்கமா பென்னிங் ட்ராப்ல (அயனிய காந்தப்புலம், மின்புலம் வெச்சுப் பிடிச்சு வைக்குற பொறி) போட்டு சுத்த விடுவாங்க, 6 டெஸ்லா காந்தத்துல மாஸ் 54 அயனி செகண்டுக்கு சுமார் 17 லட்சம் சுத்து சுத்தும், சுத்துற வேகத்த வெச்சு எடை. 54 வர்றதே சொற்பம், கூடவே அதே மாஸ் நம்பர்ல குரோமியம் வேற கலந்து வரும். அதனால 2013ல செர்ன் ஆய்வகத்தோட ஐசோல்டே கூடத்துல ரெண்டு மின்புலக் கண்ணாடிக்கு நடுவுல அயனிகள நூத்துக்கணக்குல முன்னும் பின்னும் ஓட விட்டு நேரம் பார்த்தாங்க, சில மில்லிசெகண்டுல வேலை முடிஞ்சுது. லேசான குரோமியம் முன்னாடி வந்துரும், கால்சியம் சில மைக்ரோசெகண்ட் பின்னாடி. மொத்த எடை சுமார் 50,000 எம்இவி, நாம தேடுறது அதுல 4, அதான் பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் பார்க்குறாங்க.

பழைய டேபிள்னா தூக்கிப் போட்டுட்டு ஏஎம்இ 2020 (அளந்த அணு எடைகளத் தொகுத்த டேபிள்) எடுங்க. கனடா ட்ரையம்ஃப் ஆய்வகத்துல 2012ல அளந்தப்ப கால்சியம்-52 டேபிள்ல இருந்தத விட 1.7 எம்இவி இறுக்கமா கட்டுண்டு இருந்துச்சு, அந்த ஒரு புள்ளி மாறினாலே கிராஃப் ஆளே மாறிடும். டேபிள்ல # போட்ட எண்ணெல்லாம் அளந்தது இல்ல, பக்கத்து ஐசோடோப்புகளோட போக்க வெச்சுப் போட்ட மதிப்பீடு, அத வெச்சு மேஜிக் நம்பர்னு எழுதினா வைவால மாட்டிக்குவீங்க. 34 நியூட்ரான்லயும் கூடு நிரம்புதான்னு பார்க்கணும்னா ஜப்பான் ரைக்கன் ஆய்வகத்துல கால்சியம்-55, 56, 57 அளந்துட்டாங்க, 2018ல வந்துச்சு, அதையும் சேர்த்து எரர் பாரோட போடுங்க.