ஆறுமணிக்குருவி படம் இருட்டாக, புள்ளி புள்ளியாக வருவது பற்றி

புதருக்கடியில் எடுத்த ஆறுமணிக்குருவி இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகிறது என்றீர்கள். ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரை திறந்திருக்கும் நேரத்தை, 1/2000 நொடியில் வைத்ததுதான் வினை. பறக்கும் பறவைக்குத்தான் அது வேண்டும். இது தரையில் தத்திப் போய், சருகைப் புரட்டிவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்கும். அந்த நேரத்துக்கு 1/250 போதும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளிகள் இன்னும் பெருகும். ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் இலைநிழலின் பச்சைச் சாயத்தையும் பிறகு எளிதாகப் போக்கலாம். அப்புறம், கணினியில் திருத்தும்போது முதலில் புள்ளிகளைக் குறையுங்கள். பிறகு கூர்மையைப் பறவைக்கு மட்டும் கூட்டுங்கள், பின்னணிக்கு வேண்டாம்.

குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைக்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், வலசை வந்த பறவை நிம்மதியாக இரை தேடட்டும். விடியலில் அது கூப்பிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, தரையோடு தரையாக அசையாமல் உட்காருங்கள்.