ஸ்டீமிட்டில் ஓட்டுக்கு என்ன விலை? கேள்வி பதில்

பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், வலைப்பதிவு எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டீம் என்ற செயினில் ஓடும் ஸ்டீமிட் வலைப்பதிவுத் தளத்தையும், அந்தச் செயினிலிருந்து பிரிந்த ஹைவையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

கே: அண்ணா, வாசகர் ஒன்றும் கட்டுவதில்லை, எழுதுகிறவருக்குக் காசு மட்டும் வருகிறது. யார் தருகிறார்கள்?

யாரும் கையிலிருந்து தருவதில்லை. செயின் ஓயாமல் புது டோக்கன் (ஸ்டீம் என்ற டிஜிட்டல் நாணயம்) அச்சடிக்கிறது. அதில் ஒரு பங்கைப் பதிவுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பதிவு வெளியாகி ஏழு நாளுக்குள் விழும் ஓட்டுதான் கணக்கு. ஆளுக்கு ஒரு ஓட்டு என்றெல்லாம் கிடையாது. எவ்வளவு டோக்கனை 'ஸ்டீம் பவர்' ஆகப் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, உங்கள் ஓட்டுக்கு அவ்வளவு கனம்.

அந்த டோக்கனைச் சந்தையில் யாராவது வாங்கினால்தான் அது காசு. வாங்க வருபவர் வாசகர் அல்ல, விலை ஏறும் என்று நம்புகிறவர். 2016 ஜூலையில் முதல் பட்டுவாடா நடந்த கையோடு ஒரு ஸ்டீம் 4 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கால் டாலருக்கும் கீழே போய்விட்டது. எழுத்தின் தரமா அதற்குள் இறங்கிவிட்டது?

கே: நன்றாக எழுதினால் கவனிக்க மாட்டார்களா சார்?

கவனிக்க யாருக்கு நேரம்? 2017-க்குப் பிறகு அங்கே பாட்களின், அதாவது காசு வாங்கிக்கொண்டு தானாக ஓட்டுப் போடும் நிரல்களின், ராஜ்ஜியமாக இருந்தது. பாட்டின் கணக்குக்குச் சில ஸ்டீம் டாலர் (அதே செயினின் இன்னொரு டோக்கன்) அனுப்பி, கூடவே போகும் குறிப்பில் உங்கள் பதிவின் லிங்க்கைப் போட வேண்டியிருந்தது. முழு ஓட்டு ஒன்று போட்டால் குறையும் சக்தி திரும்ப ஊற 2.4 மணி நேரம் ஆகும். ஆகவே 2.4 மணி நேரத்துக்கு ஒரு ஏலச் சுற்று நடந்தது. அந்தச் சுற்றில் யார் எவ்வளவு கட்டினார்களோ, அந்த விகிதத்தில் ஓட்டு விழுந்தது. ஓட்டுக்குத் துட்டு நமக்கொன்றும் புதிதில்லைதான்.

பெரிய முதலைகள் தங்கள் பவரைப் பாட்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் சம்பாதித்தார்கள். ட்ரெண்டிங் பக்கம் காசு கட்டியவர்களின் விளம்பரப் பலகை ஆனது. புதிதாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஏன் தங்கப்போகிறார்? என்னைக் கேட்டால் ஸ்டீமிட் தோற்ற இடம் இதுதான், அடுத்து வரும் சண்டை அல்ல. 2019 ஆகஸ்டில் ஓட்டுப் போடுகிறவருக்கும் பாதிப் பங்கு, இலவச டவுன்வோட் (பதிவின் வருமானத்தைக் குறைக்கும் எதிர் ஓட்டு) என்று விதியை மாற்றினார்கள். பாட்கள் அடங்கின. ஆனால் கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது.

கே: யாருக்கும் சொந்தமில்லாத செயினை டிரான் என்ற இன்னொரு செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் எப்படி வாங்கினார்?

செயினை வாங்கவில்லை, 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்கத்திலேயே அந்த நிறுவனம் தனக்கென மைன் செய்துகொண்ட (உருவாக்கி எடுத்துக்கொண்ட) பெரும் டோக்கன் கையிருப்பும் கூடவே போனது. அதை வைத்து அவர் செயினையே பிடித்துவிடுவார் என்று பயந்துபோன விட்னஸ்கள், அதாவது ஓட்டில் தேர்வாகிச் செயினின் கணினிகளை நடத்துகிறவர்கள், அதை முடக்கினார்கள்.

செயினை நடத்துவது ஓட்டில் முதல் 20 இடம் பிடித்த விட்னஸ்கள். ஆனால் ஒரு கணக்கு 30 பேருக்கு முழுக் கனத்தோடு ஓட்டுப் போடலாம். பெரிய இருப்பு ஒன்று கிடைத்தால் இருபது நாற்காலியும் ஒரே ஆளுக்கு. மார்ச் 2 அன்று அதுதான் நடந்தது: பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய மூன்று கிரிப்டோ சந்தைகளும் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களைக் கொண்டு ஓட்டுப் போட்டு, பழைய விட்னஸ்களைத் தூக்கின. மார்ச் 20-ல் மற்றவர்கள் ஹைவ் என்று பிரிந்தார்கள். நிறுவனத்தின் இருப்பு புதுச் செயினுக்கு வரவில்லை.

கே: அப்படியானால் ஹைவ் ஜெயித்துவிட்டதா?

உயிரோடு இருக்கிறது. முதலாளி இல்லாமல் ஒரு செயின் ஓடுவதே பெரிய விஷயம். ஆனால் அங்கே நடமாட்டத்துக்குப் பெரிய காரணம் ஸ்ப்ளிண்டர்லேண்ட்ஸ் என்ற சீட்டு விளையாட்டு, வலைப்பதிவு அல்ல. இந்த மாதிரித் தளங்கள் பணம் போதாமல் தோற்றன என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்டீமை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் லாரிமர் இருந்த பிளாக்.ஒன் நிறுவனம் 'வாய்ஸ்' என்ற சமூகத் தளத்துக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அது கடைசியில் என்எஃப்டி (டிஜிட்டல் படங்கள் போன்றவற்றுக்கான உரிமைச் சான்று) பக்கம் போனது.

கே: போட்ட பதிவை அழிக்கலாமா?

திருத்தலாம். பழைய வடிவம் செயினில் இருக்கத்தான் செய்யும். கணக்கைத் திறக்கும் ரகசிய எழுத்துச் சரமான கீயைத் தொலைத்தால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பொத்தானும் கிடையாது.

கே: தமிழில் எழுதினால் தேறுமா?

எழுதுங்கள் தம்பி, தடையில்லை. தமிழ் படிக்கிறவர் கையில் ஹைவ் பவர் (ஹைவில் ஸ்டீம் பவருக்கு இணையானது) எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள், நூறு பேர் ரசித்தாலும் ஓட்டில் கனம் இல்லையென்றால் பைசா தேறாது. இந்தியாவில் இருந்தால் டோக்கன் விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது.