சொந்த எரிபொருள் இல்லாத வளரும் நாடு எரிசக்திப் பாதுகாப்பைப் பெற முடியுமா? சிங்கப்பூர் வழி மற்றவர்களுக்குப் பொருந்துமா?

பெற முடியும். ஆனால் சிங்கப்பூரின் மின்நிலையங்களைப் பார்த்து அவற்றைப் போலக் கட்டிக்கொள்வதால் மட்டும் அது வந்துவிடாது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியும், வாங்கிய விலையை மக்களிடம் மறைக்காத துணிவும் ஒரு நாட்டுக்கு வேண்டும் என்பது, சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் மின்நிலையப் பராமரிப்பில் நெடுங்காலம் இருக்கும் எனது கருத்து.

இதற்கு இலங்கையைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை. ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்னிணைப்பு கொடுத்துவிட்ட நாடு அது. தெற்காசியாவில் அது சிறிய சாதனை அன்று. மலையகத்தில் நீர்மின் நிலையங்கள், நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம், சப்புகஸ்கந்தவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. அப்படியிருந்தும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே இறங்கியிருந்ததால், பெட்ரோல் ஏற்றிவந்த கப்பல் கொழும்புக்கு அருகிலேயே நங்கூரமிட்டு நின்றும் சரக்கை இறக்கிக்கொள்ளப் பணமில்லை. கச்சா எண்ணெய் இல்லாமல் சுத்திகரிப்பு ஆலையும் மூடப்பட்டது.

நுரைச்சோலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடற்கரையில் நிலக்கரியை இறக்க இயலாது. ஆகவே ஆண்டு முழுவதற்குமான நிலக்கரியைக் கடல் அமைதியாக இருக்கும் சில மாதங்களுக்குள் வாங்கிக் குவித்தாக வேண்டும். அந்த நேரத்தில் டாலர் கையில் இல்லையென்றால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை. திட்டக் கோப்புகளில் மெகாவாட் கணக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். இவ்வகை விவரங்கள் தெரியா.

கட்டணமும் சேர்ந்தே கெடுத்தது. பல ஆண்டுகள் உயர்த்தப்படாத மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் உயர்ந்தது. முதல் உயர்வில், மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் ஏழைக் குடும்பங்களுக்கே விழுக்காட்டளவில் பேரடி விழுந்தது. ஏழைகளின் பெயரால் கட்டணத்தைக் குறைத்து வைத்திருந்ததன் விளைவு இப்படி முடிந்தது.

சிங்கப்பூரும் பாதுகாப்பான நிலையில் பிறந்துவிடவில்லை. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயு முழுவதும் இறக்குமதி. 2004 ஜூன் 29 அன்று இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைப்பட்டபோது தீவின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. குழாய்வழி வரவை மட்டும் நம்பியிராமல் கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையம் 2013இல் செயல்படத் தொடங்கியதும், மின்நிலையங்கள் மாற்று எரிபொருளாக டீசலை இருப்பில் வைக்க வேண்டியிருப்பதும் இத்தகைய ஆபத்துகளுக்கான ஏற்பாடுகள். டீசல் இருப்பு பெரும்பாலான நாள்களில் வீண்செலவாகவே தெரியும், கணக்காளர்களுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. கட்டணமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் விலையை ஒட்டி மாறுகிறது. உதவி தேவைப்படும் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) குடும்பங்களுக்கு ‘யு-சேவ்’ என்னும் பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடி தனியாகத் தரப்படுகிறது.

மற்ற நாடுகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்தக் கட்டண முறையும் தள்ளுபடியும்தான். முனையம் கட்டுவது ஏற்றுமதி வருமானம் நிலையாக வரும் நாட்டுக்குச் சரி; வராத நாட்டுக்கு அது இன்னொரு டாலர் கடன்.

சூரிய மின்சாரமே விடையல்லவா என்று சிலர் கேட்பார்கள். எரிபொருள் இறக்குமதியை அது குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கினால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தேவை குறைந்தும் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும் இருந்ததால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போனது என்று மின்சார சபை விளக்கியது. கூரைகளில் தகடுகள் பெருகப் பெருக, மின்கலச் சேமிப்புக்கும் கட்டமைப்பை வலுப்படுத்தவும் பணம் ஒதுக்க வேண்டும். அதுவும் மக்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தோ அரசின் வரியிலிருந்தோதான் வர வேண்டும்.