கனடாவில் வேலை செய்த டிஜிட்டல் அன்ரனாவில் யாழ்ப்பாணத்தில் ஏன் படம் தெளிவாக வரவில்லை?

அண்ணா ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்த டிஜிட்டல் அன்ரனாவை யன்னலில் ஒட்டிப் பார்த்தோம், படம் முழுக்கப் புள்ளியாக இருக்கிறது, கூரையில் நிற்கும் பழையதைக் கழற்றி எறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். கீழே எழுதியிருப்பதை ஆறுதலாக வாசியுங்கள், ஆனால் பழையதில் மட்டும் கை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிழை நடந்துவிட்டது.

முதலில், டிஜிட்டல் அன்ரனா என்று தனியாக ஒரு சாமான் கிடையாது. அன்ரனா அலையைப் பிடிக்கிற உலோகத் தடி, அவ்வளவுதான். அந்த அலையில் வருவது பழைய அனலொக்கா புதிய டிஜிட்டலா என்று பிரிப்பது ரீவிக்குள் இருக்கும் ரியூனர். டிஜிட்டல் ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு வேறு: கனடாவில் ஏரிஎஸ்சி என்ற முறை, இங்கிலாந்தில் டிவிபி. இலங்கை 2014 இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவுசெய்தது, ஆனால் எங்கள் கூரைக்கு வருவது இன்றும் அனலொக் அலைதான். அண்ணா ரீவியையும் சேர்த்துக் கனடாவில் இருந்து கொண்டுவந்திருந்தால், எந்த அன்ரனா பூட்டினாலும் அதில் எங்கள் சனல் ஒழுங்காக வராது. இங்கே வாங்கிய ரீவி என்றால் மெனுவில் அனலொக் என்பதைத் தெரிந்து தேட விடுங்கள். டிஜிட்டல் என்று தேடினால் பூச்சியம்தான் காட்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அப்பா கோண்டாவிலில் வீட்டு விறாந்தையிலேயே றேடியோ திருத்தினவர். ரூபவாகினி 1982 இல் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் முதலில் அன்ரனா நட்டவர் அவர்தான். எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் இருந்து வந்த தூரதர்சனைப் பிடிக்க மேற்கே பார்த்து இன்னொன்று ஏற்றினார். நியாயப்படி அவ்வளவு தூரம் அலை எட்டக்கூடாது. புழுக்கமான இரவுகளில் கடலுக்கு மேல் அலை வளைந்து வரும், விடிந்ததும் போய்விடும். அந்த நாட்களில் எங்கள் முற்றத்தில் ஊரே இருந்து படம் பார்த்தது. 1995 இல் இடம்பெயர்ந்து போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, கதவு இல்லை, அன்ரனாப் பைப் மட்டும் நின்றது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு ரீவி அலை அனுப்பும் கொக்காவில் கோபுரம் 2011 இல் திரும்ப எழுந்த பிறகு, அதே பைப்பில் புது அன்ரனா பூட்டித் தென்கிழக்கே திருப்பினார். அம்மாவுக்குச் செய்தியும் நல்லூர்த் திருவிழா நேரடி ஒளிபரப்பும் அதில்தான். அப்பா போன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

2017 ஆவணியில் அக்காவும் அத்தானும் ஸ்காபரோவில் இருந்து வந்தார்கள். அத்தான் நல்ல மனிதர். அம்மாவின் மருந்துச் செலவு முழுவதும் அவர்தான் பார்க்கிறார், அவரைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. ஆனால் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பைப்பை இறக்கி, அன்ரனாவைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு, கடதாசி மாதிரி ஒரு தட்டை யன்னலில் ஒட்டியிருந்தார். "அங்க எங்கட வீட்டில் இதுதான், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. ரொறன்ரோவில் சிஎன் கோபுரம் 553 மீற்றர், அவருடைய யன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரித்தான். எங்களுக்கு அப்படியா?

அப்பாவின் கொப்பியில் ஒரு கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்குங்கள். உங்கள் அன்ரனாவின் உயரத்துக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள். தடையில்லாமல் அலை வரக்கூடிய தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். கொக்காவில் கோபுரம் 174 மீற்றர், அதற்கு 54 வருகிறது. யன்னல் 2 மீற்றர் என்றால் 6, ஆக 60. பைப் 12 மீற்றர் என்றால் 14, ஆக 68. எங்கள் வீட்டில் இருந்து கொக்காவில் ஆகாய வழியில் 60 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அப்பா ஏன் அவ்வளவு உயரத்தில் நட்டார் என்பது இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கிறது. நான் எஞ்சினியர் இல்லை, யாராவது நுணுக்கமாகப் பிழை பிடிக்கலாம், ஆனால் எங்கள் கூரையில் இந்தக் கணக்கு பொய்க்கவில்லை.

அந்தத் தட்டின் அளவும் ஒரு காரணம். விஎச்எஃப் என்ற நீளமான அலைக்கு முக்கால் மீற்றர் அளவில் தடி வேண்டும், யூஎச்எஃப் என்ற கட்டை அலைக்குக் கால் மீற்றர் போதும். ஒரு அடித் தட்டு விஎச்எஃப்பை எப்படிப் பிடிக்கும்?

அவர்கள் திரும்பிப் போன பிறகு நான் புதிதாக ஒன்று ஏற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நீளமான தடி பின்னுக்கு, கட்டைத் தடிகள் கோபுரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நான் முதலில் மாறிப் பூட்டிவிட்டேன். பழைய தட்டையான வயரை விட்டுவிட்டு ஆர்ஜி-6 என்ற உருண்டைக் கேபிள் போட்டேன். கடையில் பூஸ்டர் ஒன்று தந்து ரீவிக்குப் பின்னால் கொழுவச் சொன்னார்கள், புள்ளிதான் பெரிதாகத் தெரிந்தது. கேபிளால் இறங்கி வரும்போது தேய்ந்துபோன அலையோடு இரைச்சலையும் சேர்த்து அது பெருக்கும். பூஸ்டர் வேண்டுமென்றால் மேலே, அன்ரனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஏற்றியதும் சரி வந்தது.

திருப்பும்போது நன்றாக வரும் சனலைப் பார்த்துத் திருப்பாதீர்கள், ஆக மோசமாக வரும் சனலை வைத்துக்கொண்டு விரல் அளவாகத் திருப்புங்கள். நான் கூரையில், அம்மா உள்ளே இருந்து "வருது, வருது, போட்டுது" என்று சொல்லச் சொல்லத் திருப்பினோம். பிறகு திருகாணியை நன்றாக இறுக்குங்கள். சோளகக் காற்று எழும்பினால் பைப்போடு சுழன்றுவிடும். கேபிள் பூட்டும் இடத்தில் கிறீஸ் பூசி றப்பர் நாடா சுற்றுங்கள், உப்புக் காற்று ஒரு வருடத்தில் அதைப் பச்சையாக்கிவிடும். பைப்புக்கு நிலத்தொடுப்பும் போடுங்கள், ஐப்பசி கார்த்திகை இடியை நம்ப முடியாது.

கேபிளில் நூறு சனல் வரும்போது இது எதற்கு என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். அம்மா பார்ப்பது மூன்று சனல். அதற்கு மாதக் காசு எதற்கு? டிஜிட்டல் வந்தால் வீண்தானே என்றும் கேட்பீர்கள். வீணாகாது. அனலொக்கில் அலை குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் செய்தி கேட்கலாம். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு உயரத்தில் நிற்கும் அன்ரனா இன்னும் கூடத் தேவைப்படும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. அதே விடுமுறையில் முற்றம் முழுக்கக் கொங்கிறீட் போடுவித்தார்கள், செருப்பில் மண் ஒட்டுகிறதாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லில் தங்கினால்தான் கிணற்றில் தண்ணீர். இப்போது எங்கள் வளவில் விழும் மழை ஒழுங்கைக்கு ஓடுகிறது. அப்பா அன்ரனா நட்ட குழியும் அந்தக் கொங்கிறீட்டுக்குக் கீழே போய்விட்டது, புதுப் பைப்பைச் சுவரில் கொழுவித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

உங்கள் வீடு எந்தப் பக்கம், பழைய அன்ரனாவில் தடிகள் எத்தனை, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் தடியில் பழுதிராது, கேபிளையும் பூட்டையும் மாற்றினால் போதுமாக இருக்கும். அண்ணாவின் தட்டையும் எறிய வேண்டாம், அவர் திரும்பப் போகும்போது கொடுத்துவிடுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.