பல்கலைக்கழக வேளாண் பொருளியல் துறைகள் எதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்?

ஒரே கேள்வியைப் பல பல்கலைக்கழகத் துறைகள் ஒரே முறையில் ஆராய்ந்து, விடைகளை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் இந்தக் கூட்டு வேலை. இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம், 1970-71இல் தொடங்கிய சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகம், பஞ்சாபில் லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் என்று அந்தந்த மாநிலத்தில் களத்தில் இறங்கும். இதற்குத் தலைமை தாங்குவது மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொருளியல், புள்ளியியல் இயக்ககம்.

ஏன் ஒரே முறை? ஊர்ப் பொங்கலுக்கு வீடுவீடாக அரிசி வாங்கும்போது ஒரு வீட்டில் படி, இன்னொரு வீட்டில் டம்ளர் என்று அளந்தால் மொத்தம் எவ்வளவு என்று யார் சொல்வது? விவசாயியின் மனைவி சொந்த வயலில் அரை நாள் களை எடுத்தார், கூலி வாங்கவில்லை. அதற்கு என்ன மதிப்பு? வீட்டில் எடுத்து வைத்த விதைநெல்லுக்கு என்ன விலை? ஒரு துறை இதைச் சேர்த்து, இன்னொன்று விட்டுவிட்டால் இரண்டு மாநிலச் செலவை ஒப்பிடவே முடியாது. என்னைக் கேட்டால், அந்த அரை நாளை விடாமல் எழுதுவதுதான் இதில் மிக முக்கியமான வேலை.

அப்புறம், விளைபொருளை வாங்க அரசு முன்கூட்டியே அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பல்கலைக்கழகங்களே நிர்ணயிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை தருவது செலவுக் கணக்கு மட்டும். அதை வைத்து ‘வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம்’ விலையைப் பரிந்துரைக்கும், முடிவெடுப்பது மத்திய அரசு.