கையெழுத்து எழுத்துருவில் அழைப்பிதழ்: தமிழ் மட்டும் ஏன் மாறி நிற்கிறது?

கேள்வி: மகளின் பிறந்தநாள் அழைப்பிதழை வேர்டில் காமிக் சான்ஸ் எழுத்துருவில் தயாரித்தேன். ஆங்கிலம் கையால் எழுதியதுபோல வருகிறது. தமிழ் மட்டும் விறைப்பான வேறு எழுத்தில் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் விண்டோஸ் தன்னிடமுள்ள லதா அல்லது நிர்மலா என்ற தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடுகிறது. காமிக் சான்ஸை 1994இல் மைக்ரோசாஃப்டுக்காக வரைந்தவர் வின்சென்ட் கொன்னேர். திரையில் ஒரு கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமனில் பேசியது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. பேச்சுக் குமிழில் நாலு வார்த்தை பேசப் பிறந்த எழுத்து. பிறந்தநாளுக்கு நன்றாகவே பொருந்தும். இரங்கல் அறிவிப்பில் போட்டால்தான் சிரிப்பு வரும்.

தமிழுக்குக் கவிவாணர் என்ற எழுத்துருவைப் பாருங்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். இறக்கி, ஜிப்பைப் பிரித்து, டிடிஎஃப் கோப்பை வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். வேர்டை மூடித் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். அங்கே ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனிப் பெட்டி இருக்கும். தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் அதில்தான் மாற்ற வேண்டும். மேலே உள்ள பெட்டியை மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது.

ஆங்கிலத்தையும் கவிவாணரிலேயே வைத்துவிடுங்கள். காமிக் சான்ஸ் நிமிர்ந்து நிற்கும், கவிவாணர் சாய்ந்து நிற்கும். சேர்த்துப் போட்டால் ஒரே அட்டையில் இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கும்.

கவிவாணரில் ஒரே தடிமன்தான். போல்ட் அழுத்தினால் வேர்டே கோட்டைப் பூசித் தடிப்பாக்கும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இட்டாலிக் போட்டால் ஏற்கெனவே சாய்ந்தது இன்னும் சாய்ந்து விழப்போவதுபோல ஆகும். பெயரை எடுப்பாகக் காட்ட அளவைக் கூட்டினால் போதும்: ஏ5 அட்டையில் பெயர் 28 முதல் 32 பாயின்ட், மற்ற வரிகள் 13 அல்லது 14, வரி இடைவெளி 1.3. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டவே வேண்டாம். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிவிடும், ‘கொ’ மூன்று துண்டாகத் தெரியும். நேரம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் நிர்மலாவில் 11 பாயின்டில் வையுங்கள். அவசரத்தில் படிப்பவை அவை.

‘தமிழ்க் கையெழுத்து ஃபாண்ட்’ என்று இணையத்தில் கிடைப்பவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் உள்ளவை. அவற்றின் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் அடித்த தமிழ் அந்த வடிவத்துக்கு மாறாது.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். அங்கே இந்த எழுத்துரு இல்லாவிட்டால் மறுபடியும் பழைய கதைதான்; சில இடங்களில் பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்வார்கள், பிழை புகும். பிடிஎஃப் ஆகச் சேமித்து, அக்ரோபாட் ரீடரில் கன்ட்ரோல்-டி அழுத்தி ‘ஃபாண்ட்ஸ்’ பகுதியைத் திறங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட்’ (கோப்புக்குள்ளேயே பதிந்துள்ளது) என்று இருந்தால் அனுப்பலாம். அதற்குமுன் வீட்டிலேயே 100 சதவீத அளவில் ஒரு பிரதி எடுத்து, ணை, ழு, ஸ்ரீ, க்ஷ ஆகியவை ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.