வார்டு டூட்டியும் ஊர் நாடகமும்: வாசகர் கேள்வி - பதில்

திருவிழாக் காலம் நெருங்கினால் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பகலில் ஆஸ்பத்திரிப் பயிற்சி, இரவில் இசை நாடக ஒத்திகை, இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்பார்கள். இந்த முறை நர்சிங் பயிற்றுநர் ஒருவரும், தொண்டை மருத்துவர் ஒருவரும், ஊர் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் எட்டாவது செமஸ்டர். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்ன்ஷிப் செய்கிறேன். சொந்த ஊர் தங்கச்சிமடம். ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முந்தின இரவு ஊரில் இசை நாடகம் போடுகிறார்கள். எனக்குத் தோழி வேஷம், மூன்று பாட்டு. மே கடைசியிலிருந்து தினமும் இரவு 7 முதல் 10 வரை ஒத்திகை என்கிறார் வாத்தியார். முடியுமா?
- வாசகி, தங்கச்சிமடம்

தினமும் முடியாது. வாரம் இரண்டு நாள் முடியும். தோழி வேஷத்துக்கு அது போதும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் இன்டர்ன்ஷிப் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி, ஆக 1056 மணி நேரம். பெரியவர்கள் பிரிவு 6 வாரம். சமூக நலம், குழந்தைகள், மனநலம், மகப்பேறு ஆகியவை தலா 4 வாரம். ஜூன், ஜூலையில் உங்களுக்கு எது விழுகிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். சமூக நலம் என்றால் பெரும்பாலும் பகல் வேலை, உங்கள் அதிர்ஷ்டம். மகப்பேறு வார்டு என்றால் நைட் டூட்டி வரும், பிரசவம் ஒத்திகை நேரம் பார்த்து வராது. வாத்தியாரிடம் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வார்டு நாட்களில் நூறு சதவீதம் வருகை இருந்தால்தான் பட்டம். விடுபட்ட நாளைப் பின்னால் செய்து முடித்தே ஆக வேண்டும். நாடகத்துக்காக எடுக்கிற ஒவ்வொரு லீவும், தோழிகள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு நீங்கள் மட்டும் வார்டில் நிற்கிற ஒரு நாள். இதை மனதில் வைத்துத்தான் லீவு கேட்க வேண்டும்.

அடுத்தது தூரம். ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடம் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். சனி, ஞாயிறு மாலை பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் தயவில் அரை மணி கூடும். இரவு 10 மணி ஒத்திகை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்புவது என்பதை மறந்துவிடுங்கள். வீட்டில் தங்கிக் காலையில் கிளம்பலாம் என்றால், அடுத்த நாள் காலை டூட்டி இருக்கக் கூடாது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவர் ஊசி மருந்தை அளக்கக் கூடிய நிலையில் இருக்க மாட்டார்.

ஆகவே டூட்டி லிஸ்ட் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைத் தேடுங்கள்: இன்று காலை டூட்டி, நாளை மதிய டூட்டி என்று வரும் ஜோடி; காலை டூட்டியை அடுத்து வார ஆஃப்; வார ஆஃப் முடிந்து அடுத்த நாள் மதிய டூட்டி. இந்த மூன்றில் மட்டும் ஒத்திகைக்குப் போங்கள். நைட் டூட்டி முடித்த அன்று மாலை போகலாம் என்று தோன்றும். முதல் நைட் முடித்தால் அடுத்த நைட் காத்திருக்கும். கடைசி நைட் முடிந்த அன்று பகல் முழுக்கத் தூங்கி எழுந்தால் மாலையில் உட்கார்ந்து பாட்டு கேட்கலாம், அவ்வளவுதான். ஆடவோ வசனம் பேசவோ அன்றைக்கு வேண்டாம்.

டூட்டி மாற்றிக்கொள்வதை வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் சொல்லி, அவர் லிஸ்டில் திருத்திய பிறகே நம்புங்கள். வாய்வார்த்தையில் மாற்றிக்கொண்டு, வர வேண்டியவர் வராமல் போனால் ஆப்சென்ட் உங்கள் பெயரில்தான் விழும். மாற்றிக்கொள்வது கடன் மாதிரி. ஒருவரிடம் இரண்டுக்கு மேல் வாங்காதீர்கள், ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ராஜபார்ட், பபூன், கூட்டப் பாட்டு என்று எல்லோரும் சேர வேண்டிய காட்சிகளை ஜூன் 14-க்குள் முடிக்கச் சொல்லி வாத்தியாரிடம் கேளுங்கள். தடை முடிந்தால் விசைப்படகு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள். வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் விசைப்படகு போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். அதனால் செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு இரவுகளில்தான் ஆள் சேரும். நீங்கள் தேடுகிற ஜோடி நாள் அந்த இரவுகளில் விழுகிறதா என்று பார்த்தால் வாரம் இரண்டு கிடைத்துவிடும். திங்கள் இரவில் நீங்கள் அவ்வளவு தூரம் போய் வெறும் பாயைப் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை.

ஜூலை 24, 25 இரண்டு நாளுக்கும் நான்கு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். அடுத்த மாத லிஸ்ட் போடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும், அதுதான் ரகசியம். லிஸ்ட் போட்ட பிறகு கேட்டால் இன்சார்ஜ் சிஸ்டருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது.

ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். எங்கள் ஊர் நாடகத்தில் ராஜபார்ட். நைட் டூட்டி முடித்த வாரங்களில் குரல் கம்மிப் போகிறது, மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிடுகிறேன், பலனில்லை.
- வாசகர், கீழக்கரை

பனங்கற்கண்டு தொண்டைக்கு இதம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல் நாண்கள் மேல் படுவதில்லை. நாண்களுக்கு ஈரம் போக வேண்டுமானால் உடம்பு முழுக்கத் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் ஆவி பிடிக்க வேண்டும். தைலம் எதுவும் போடாமல் வெறும் வெந்நீர் ஆவி, ஐந்து நிமிடம். எமர்ஜென்சியில் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்று பாடாதீர்கள்.

குரல் கெடுவது பெரும்பாலும் பாட்டால் இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கேட்கும்படி கத்துவது, தொண்டையைக் காறிக் காறிக் கனைப்பது, இரவு 11 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பது, இந்த மூன்றும்தான் காரணம். படுத்ததும் வயிற்று அமிலம் மேலேறி நாண்களை வீங்க வைக்கும், காலையில் குரல் கரகரக்கும். ஒத்திகைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுக்க வேண்டாம். கிசுகிசுப்பு நாண்களை இறுக்கும். மெதுவாகப் பேசுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள்.

ஒத்திகைக்கு முன் இதைச் செய்து பாருங்கள். டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மூழ்கும்படி வைத்து, 'ஊ' என்று குமிழி விட்டுக்கொண்டே குரல் கொடுங்கள். கன்னம் தளர்ந்திருக்க வேண்டும். கீழ் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஏறி இறங்குங்கள், ஐந்து நிமிடம் போதும். குமிழி விட்டுவிட்டுத் தெறித்தால் மூச்சை அதிகமாக அழுத்துகிறீர்கள், குறையுங்கள். ஆழம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். அதனால் ஸ்ட்ராவை டம்ளரின் அடிவரை விடாதீர்கள்.

நைட் முடிந்த வாரத்தில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாட வேண்டாம். நாலரைக்கு இறக்கி ஒத்திகை பாருங்கள். இரண்டுக்குமே ஸட்ஜம் ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டையில்தான் என்பதால் ஆர்மோனியக்காரர் அதிகம் முணுமுணுக்க மாட்டார். நாடகத்துக்கு முந்தைய பத்து நாள் மட்டும் பழைய சுருதிக்கு ஏறுங்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் போது கடற்கரை மணலில் ஒத்திகை வைக்காதீர்கள். காற்றை எதிர்த்துப் பாடினால் நாண்கள் காய்ந்துபோகும், தூசியும் சேரும். வலைக்கூடத்துச் சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நைட்டில் காப்பி குடிப்பதானால் அதிகாலை 3 மணியோடு நிறுத்துங்கள். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், காலைத் தூக்கத்தை அது தின்றுவிடும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரிடம் போய்த் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்க்க வேண்டியதுதான். இதை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது! பயிற்சிக் காலம் 12 மாதத்துக்கும் சேர்த்து அனுமதி லீவு 15 நாள்தான். அதை ஒத்திகைக்குச் செலவழிக்காமல் நாடக இரவுக்கும் மறுநாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் பைக்கில் டூட்டிக்குக் கிளம்புவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

நாடகம் என்று சொன்னால் லீவு தர மாட்டார்கள். மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துவிடலாமா?
- வாசகர், மண்டபம்

கூடாது. நாடகம் முடிவதற்குள் உங்கள் வேஷப் படம் பாதி வார்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும்.

எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் நர்சிங் பயிற்சியில் இருக்கிறார்கள். அடிக்கடி வர முடிவதில்லை. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். வேஷத்தை மாற்றிவிடலாமா?
- நாடகக் குழுப் பொறுப்பாளர், தேவிபட்டினம்

அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. வராதது குற்றமில்லை, எப்போது வர மாட்டார்கள் என்று தெரியாததுதான் உங்களுக்குத் தொல்லை. வரும் மாத டூட்டி லிஸ்டை வாங்கி, காட்சி வரிசையோடு சேர்த்து ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே தேதி, பக்கத்தில் காட்சி. ஆள் இல்லாத நாளில் அவர்கள் காட்சியைத் தொடவே வேண்டாம்.

அவர்களுக்கான பாட்டை ஆர்மோனியத்தோடு மெதுவான காலத்தில் ஒரு முறை, சரியான காலத்தில் ஒரு முறை போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஆரம்ப சுருதியை ஐந்து விநாடி தனியாக நீட்டி வாசித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தப்புச் சுருதியில் மனப்பாடம் செய்து வந்து நிற்பார்கள். பஸ்ஸில் கேட்பதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பதிவு பாட்டுக்குத்தான் உதவும். தர்க்க வசனத்தில் எதிராளி எங்கே நிறுத்துவார், மிருதங்கம் எங்கே விழும் என்பதெல்லாம் நேரில் மூன்று முறையாவது நடந்தால்தான் வரும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளை இன்றே நியமியுங்கள். அவசர கேஸ் வந்தால் கடைசி நேரத்தில்கூட வார்டு அவர்களை விடாது. மாற்று ஆளுக்கு ஒத்திகையில் ஒரு முறையாவது முழுசாக நடிக்க வாய்ப்புக் கொடுங்கள், வெறுமனே உட்கார வைத்தால் அவரும் வரமாட்டார். நாடகத்துக்கு முந்தைய கடைசி முழு ஒத்திகைக்கு மட்டும் கண்டிப்பு வையுங்கள். அதற்கும் வர முடியாதவர் வேஷத்தை விட்டுக்கொடுப்பதுதான் முறை.

ஒத்திகைக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் வார்டில் ஊசி என் விரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். நேற்று நடந்தது. என்ன செய்ய?
- பெயர் வேண்டாம்

ஒத்திகையை விடுங்கள். இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்சார்ஜிடமோ கேஷுவல்டியிலோ சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, ஆனால் 72 மணி நேரம் வரை வழி இருக்கிறது. 28 நாள் சாப்பிட வேண்டும். தேவையா இல்லையா என்பதை ஊசி பட்ட நோயாளியின் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் (0, 1, 6 மாதம்) போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். குத்தியதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். மருந்து சாப்பிடும் நாட்களில் குமட்டலும் அசதியும் வரலாம். வாத்தியாரிடம் 'மருந்து சாப்பிடுகிறேன்' என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பாடுவதாலும் ஆடுவதாலும் யாருக்கும் எதுவும் தொற்றாது.

இனி டூட்டி நேரம் முடிந்து அரை மணி கழித்துப் புறப்படும் பஸ்ஸையே கணக்கில் வையுங்கள். அடுத்தவரிடம் வார்டை ஒப்படைக்கவே இருபது நிமிடம் போகும். ஊசி குத்துவதும் மருந்து மாறுவதும் அந்தக் கடைசி இருபது நிமிட அவசரத்தில்தான்.

விடியற்காலை அரிதாரம் கலைத்துவிட்டு அன்று மதியமே வார்டுக்குப் போக வேண்டும். மருதாணி, நகப்பூச்சு பற்றியும் சொல்லுங்கள்.
- வாசகி, தொண்டி

முகத்தில் சோப்பை முதலில் போடாதீர்கள். முத்துவெள்ளை (அரிதாரத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடி) கட்டிபட்டு முடியோரத்திலும் காது மடலின் பின்னும் ஒட்டிக்கொள்ளும். முதலில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய், மறுபடி துணி. அப்புறம்தான் சோப்பு. மீசை, தாடி ஒட்டிய பசைக்கு எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் பொறுத்து உரியுங்கள், இழுத்தால் தோலும் வரும்.

ஜிகினாதான் உண்மையான வில்லன். எத்தனை முறை கழுவினாலும் இரண்டு துளி எங்கேயோ மின்னும். அது புண்ணுக்குக் கட்டுப் போடும்போது விழக் கூடாது. முழங்கைக்குக் கீழே ஜிகினா வேண்டாம் என்று ஒப்பனைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். மிச்சம் இருப்பதைப் பிளாஸ்திரி ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.

நகப்பூச்சு, ஒட்டு நகம் இரண்டும் கூடாது. நகம் அரை சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். வீட்டில் அரைத்த மருதாணியால் கிருமி வருவதில்லை, கல்லூரி விதி அனுமதித்தால் வைக்கலாம். கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தி வேண்டாம். அதில் சேர்க்கும் சாயத்தால் சிலருக்குக் கை கொப்பளித்துவிடும், கொப்பளித்த கையோடு வார்டில் யாரையும் தொட முடியாது. சலங்கை கட்டும் இடத்தில் அடியில் பருத்தித் துணி சுற்றுங்கள். அப்படியும் உரசிப் புண்ணானால் மூடிக் கட்டிவிட்டு டூட்டிக்குப் போங்கள்.

டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) பயிற்சியில் மருந்துக் கடையில் இருக்கிறேன். மிருதங்கம் வாசிக்க வேண்டும். எனக்கும் இவ்வளவு கெடுபிடியா?
- வாசகர், உச்சிப்புளி

இல்லை, உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம், அதில் 250 மணி மருந்துச் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் இழுக்கலாம் என்பதால் திருவிழா மாதத்தில் மணியைக் குறைத்து அடுத்த மாதத்தில் கூட்டிக்கொள்ளக் கடைக்காரரிடம் கேட்கலாம். மாலை 6 முதல் 9 வரைதான் மருந்துக் கடையில் சீட்டு அதிகம் வரும், ஒத்திகையும் அப்போதுதான். காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், 250 மணி நிரம்பக் கொஞ்சம் நாள் கூடினாலும் பரவாயில்லை. மருந்து கொடுத்த மணியைத் தனிப் பத்தியில் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.